மேடைப் பேராசை: கதைகள் சொன்னதும் மொரீஷியஸ் நாடகக் குழுக்கள் கற்றுத்தந்ததும்

நாடக உலகையும் திரையுலகையும் களமாகக் கொண்ட கதைகளில் ஒரு பாத்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. எளிய உடையில், பணிவான பேச்சோடு வந்து சேர்ந்து, பெரிய நடிகை ஒருவருக்குப் பணிவிடை செய்து, அவருடைய நம்பிக்கையைப் பெற்று, ஒருநாள் அவருடைய இடத்தையே பிடித்துக்கொள்ளும் இளம்பெண். அல்லது பிறர் எழுதியதைத் தன் பெயரில் விற்று மேலேறும் இளைஞன். இத்தகைய கதைகளை நான் விரும்பிப் படிப்பவன். மொரீஷியஸ் தமிழ் நாடகக் குழுக்களில் ஒளியமைப்பாளனாகவும், திரை மறைவிலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவனாகவும், பின்னர் இயக்குநனாகவும் பல ஆண்டுகள் பழகிய பிறகு, இக்கதைகள் சொல்வதில் பாதி மெய் என்றும், மற்றொரு பாதி பெரும்பாலும் சொல்லப்படாமலே போகிறது என்றும் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. ஈவிரக்கமற்ற ஆசை ஒருவருடைய மனத்தில்தான் பிறக்கிறது. ஆனால் அது வெற்றி பெறுவதற்கான கதவைத் திறந்துவிடுபவர்கள், கெட்டவர்கள் என்று எவரும் சொல்ல முடியாத மற்றவர்கள். அந்தக் கதவுகள் எவை, அவற்றை எங்கள் குழு எவ்வாறு அடைத்தது, இந்த அனுபவம் கதை எழுதுவோருக்கு எவ்வகையில் பயன்படும் என்பனவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நாடகத்தின் நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் இத்தீவில் தமிழ் வம்சாவளியினர் ஒரு சிறு பகுதியினர். வீட்டில் பேசுவது பெரும்பாலும் க்ரியோல். தமிழைப் பள்ளியிலும் கோவில் வகுப்புகளிலும் கற்கிறோம். கலை, பண்பாட்டு அமைச்சகம் நடத்தும் தேசிய நாடக விழாவில் பல மொழிகளோடு தமிழுக்கும் இடம் இருக்கிறது. அதைத் தவிர சித்திரை வருடப்பிறப்பு, பொங்கல், பள்ளி விழாக்கள் ஆகியவைதாம் எங்கள் மேடைகள். நடிப்பவர்கள் ஆசிரியர்கள், எழுத்தர்கள், விடுதி ஊழியர்கள், கடைப் பணியாளர்கள். வேலை முடிந்து பேருந்து பிடித்து வந்து, கோவில் மண்டபத்திலோ சமூக நிலையத்திலோ ஒத்திகை பார்ப்பவர்கள். அவர்களில் பலர் தமிழ் வசனத்தை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டே மனப்பாடம் செய்கிறார்கள். 1822இல் திறக்கப்பட்ட போர்ட் லூயிஸ் நாடக அரங்கும், 1933இல் திறக்கப்பட்ட ரோஸ் ஹில் பிளாசா அரங்கும் பழுதுபார்க்க வேண்டி ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்ததால், வாக்குவாவிலுள்ள செர்ஜ் கான்ஸ்டான்டின் அரங்கு போன்ற சில இடங்களை நம்பியே பல குழுக்கள் இருந்தன. ஆக, மேடை குறைவு, நாள் குறைவு, ழகரத்தையும் றகரத்தையும் பிழையின்றிச் சொல்லக்கூடிய நடிகர்களும் குறைவு.

பணம் புழங்காத இடத்தில் போட்டியும் கடுமையாக இராது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கக்கூடும். நான் கண்டது அதற்கு மாறானது. ஊதியம் இல்லாதபோது வெல்வதற்கு எஞ்சியிருப்பவை வேடமும், அறிவிப்பில் வரும் பெயரும், கைத்தட்டலும் மட்டுமே. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முறை கிடைக்கும் அந்த மேடைக்காக ஒருவர் எட்டு மாதம் காத்திருக்கிறார். வேடம் கைநழுவினால் அடுத்த தெருவில் வேறொரு கம்பெனி இல்லை. நியூயார்க்கில் தோற்றவர் சிகாகோவுக்குப் போகலாம். இங்கே தோற்றவரும் வென்றவரும் அடுத்த தைப்பூசக் காவடிக்கு ஒரே கோவில் வாசலில் நிற்பார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். நான் அப்போது வேறு குழுவில் ஒளியமைப்புச் செய்துகொண்டிருந்தேன். இதைப் பின்னர் இரு தரப்பினரிடமும் பொறுமையாகக் கேட்டறிந்தேன். சிலப்பதிகாரத்தை ஒட்டிய நாடகம் ஒன்றில் கண்ணகியாக நடிக்க வேண்டியவர், அக்குழுவில் நெடுங்காலம் முதன்மை வேடம் ஏற்றுவந்த ஓர் ஆசிரியை. எல்லோரும் அவரை அக்கா என்றுதான் அழைப்பார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம்பெண், தோழிகளில் ஒருத்தியாக இரண்டே வரி பேசும் வேடத்தில் இருந்தாள். ஆனால் ஒத்திகை நாட்களில் ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை. ஓரத்தில் நின்று, பாண்டியன் அவையில் கண்ணகி பேசும் வசனம் முழுவதையும் உதடசைத்துக் கற்றுக்கொண்டாள். வருடப்பிறப்பை ஒட்டிய நிகழ்ச்சி அது. புயல் எச்சரிக்கை காரணமாக நிகழ்ச்சி தள்ளிப்போய், பிறகு மண்டபம் கிடைக்கும் நாளுக்கேற்ப ஞாயிற்றுக்கிழமை என்றிருந்தது சனிக்கிழமை என்று மாறியது. அந்த மாற்றம் அக்காவுக்குச் சொல்லப்படவில்லை.

சொல்லும் பொறுப்பை ஏற்றவர் அந்த இளம்பெண் அல்லர். அவளை முன்னுக்குக் கொண்டுவர விரும்பிய வேறொருவர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டுவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. அதைவிட முக்கியமானது, சனிக்கிழமை மாலை ஒப்பனை நடந்த நேரத்தில் அந்த அறையில் இருந்தவர்கள் அனைவரும் அக்கா வரவில்லை என்பதைக் கவனித்தார்கள்; ஒருவர்கூடத் தொலைபேசியை எடுத்து அவரை அழைக்கவில்லை. ஒத்திகைகளில் அக்காவின் கண்டிப்பால் மனம் புண்பட்டவர்கள் சிலர். புதியவள் எப்படிச் செய்கிறாள் என்று பார்க்க ஆசைப்பட்டவர்கள் சிலர். மற்றவர்கள், யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டவர்கள். இளம்பெண் கண்ணகியின் சேலையைக் கட்டினாள். நன்றாகவே நடித்தாள், அவையினர் எழுந்து நின்று கைத்தட்டினார்கள். செய்தி மறுநாள் காலை அக்காவின் காதுக்கு எட்டியது. அவர் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் நடிக்கவில்லை. ஒரு நடிகையை இழந்ததோடு, சொல் சொல்லாக உச்சரிப்பைத் திருத்தக்கூடிய ஒரே ஆசானையும் அக்குழு இழந்தது. அந்தக் குறை பிறகு வந்த ஒவ்வொரு நாடகத்திலும் கேட்டது.

நான் இயக்குநனாகி எங்கள் குழுவைத் தொடங்கியபோது உச்சரிப்புப் பயிற்சிக்காக அந்த அக்காவைத்தான் தேடிப் போனேன். நடிக்கமாட்டேன், கற்றுத்தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்தார். பயிற்சியின் ஒரு பகுதியாக ஒருநாள் குழுவினர் அனைவரும் சேர்ந்து ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்தைப் பார்த்தோம். 1950இல் ஜோசப் மான்கீவிச் எழுதி இயக்கிய படம். பதினான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று, சிறந்த படத்துக்கான விருது உட்பட ஆறு விருதுகளை வென்றது. நாற்பது வயதைத் தொடும் மேடை நடிகை மார்கோவிடம் ஒரு ரசிகையாக வந்து சேரும் ஈவ், அவருடைய உதவியாளராகி, அவருக்குத் தெரியாமலேயே அவருக்கு மாற்று நடிகையாகவும் ஆகிவிடுகிறாள். ஒருநாள் மார்கோ நாடகத்துக்கு வர முடியாமல் போக, ஈவ் மேடையேறிப் புகழ் பெறுகிறாள். படம் முடிந்ததும் இளைஞர்கள் எல்லோரும் ஈவைப் பற்றியே பேசினார்கள். என்ன நடிப்பு, என்ன வஞ்சகம் என்று வியந்தார்கள். அக்கா நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “தம்பி, அந்தப் பெண்ணை விடுங்கள். பெட்ரோலைத் திறந்துவிட்டது யார் என்று பாருங்கள்” என்றார்.

படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் புரியும். மார்கோ அந்த இரவு நாடகத்துக்கு வர முடியாமல் போனதற்குக் காரணம், அவருடைய நெருங்கிய தோழி கேரன் வண்டியின் பெட்ரோலை முன்கூட்டியே வடித்துவிட்டதுதான். கேரன் நல்லவள். தோழியின் முன்கோபத்துக்கு ஒரு சிறு பாடம் கற்பிப்பதாகவே அவள் நினைக்கிறாள். ஈவை முதன்முதலில் மார்கோவின் ஒப்பனை அறைக்கு அழைத்து வந்தவளும் அவளே. மாற்று நடிகையை நியமிக்கும் முடிவை மார்கோவிடம் சொல்லாமல் விட்டவர்கள் தயாரிப்பாளரும் மற்றவர்களும். இவை ஒவ்வொன்றும் ஈவின் கைக்கு எட்டாத கதவுகள். ஒவ்வொன்றையும் வேறொருவர் திறந்துவிட்டார். இவ்வளவையும் படமே தெளிவாகக் காட்டுகிறது. ஆயினும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அது ஈவ் என்ற ஒரு பெண்ணின் வஞ்சகக் கதையாகவே நினைவில் நிற்கிறது. பார்வையாளராகிய நமக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ததை ஒருவர்மீது ஏற்றிவிட்டால் மனம் ஆறுகிறது.

அன்றைக்கு எழுந்த விவாதத்திலிருந்துதான் எங்கள் குழுவின் நடைமுறைகள் பிறந்தன. அவற்றுள் முதன்மையானது மாற்று நடிகர் பற்றியது. முதன்மை வேடம் ஒவ்வொன்றுக்கும் மாற்று நடிகர் யார் என்பதை, வேடங்களை அறிவிக்கும் அதே நாளில், அனைவர் முன்னிலையிலும், முதன்மை நடிகர் கேட்கும்படி அறிவிக்கிறோம். முழு உடையோடு நடக்கும் ஒத்திகைகளில் ஒன்றை மாற்று நடிகரே முழுமையாக நடத்த வேண்டும். அன்று முதன்மை நடிகர் அவையில் அமர்ந்து பார்த்து, அவருக்கு உதவிக் குறிப்புகள் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. தன் வேடத்தைப் பிறர் நடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவருக்கும் எளிதன்று. ஆனால் ஒளிந்து நின்று உதடசைத்துக் கற்க வேண்டிய தேவை இளையவர்களுக்கு இல்லாமல் போனது. ஒளித்துக் கற்கும்போது அது திருட்டின் தொடக்கமாகத் தோன்றுகிறது. அதையே வெளிப்படையாகச் செய்யும்போது அது படிப்பாகிவிடுகிறது. ஆசை இரண்டிலும் ஒன்றே.

நாள், நேரம், இடம் மாறினால், மாற்றத்தைச் சொல்பவர் ஒருவர், ஒவ்வொருவரிடமிருந்தும் பதில் வந்ததா என்று சரிபார்ப்பவர் மற்றொருவர் என்று வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுவிட்டால் போதும் என்று விடுவதில்லை. நவம்பர் முதல் மே வரை நீளும் புயல் பருவத்தில் நாள் மாறுவது இங்கே வழக்கமானது என்பதால், இந்த ஏற்பாடு இல்லாமல் நாங்கள் ஒத்திகையே தொடங்குவதில்லை.

வசனப் பிரதியைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் ஒரே நாளில் எல்லோருக்கும் தருகிறோம். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். தமிழ் படிக்கத் தெரிந்தவர் கையில் மட்டும் பிரதி இருக்கும் குழுக்களில், அவர் யாருக்கு எப்போது எதைச் சொல்லித்தருகிறார் என்பதே அதிகாரமாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். தனக்குப் பிடித்தவருக்கு முழு வசனத்தையும், பிடிக்காதவருக்கு ஒத்திகை நாளில் மட்டும் அவருடைய பங்கையும் சொல்லித்தந்து, பிடிக்காதவர் தயாராகவில்லை என்று வேடத்தை மாற்றியவர்கள் உண்டு. அதிகச் சத்தம் இல்லாமல் ஒருவரை வீழ்த்தும் முறை இது. மொழி அறிவு அரிதாகிப்போன எங்களைப் போன்ற சமூகங்களில் அது மிக எளிதில் நடக்கிறது.

புதிதாக வருபவர்களின் பின்னணி குறித்து ஒன்று சொல்ல வேண்டும். ஈவ், போரில் கணவனை இழந்தவள் என்று சொல்லி அனைவரையும் உருகவைக்கிறாள். சான் பிரான்சிஸ்கோவில் ஷூபர்ட் அரங்கில் மார்கோவின் நாடகத்தைப் பார்த்ததாகவும் சொல்கிறாள். அந்நகரில் அப்படியோர் அரங்கே இல்லை என்ற ஒரு சிறு தகவலைச் சொல்லித்தான் விமர்சகர் அடிசன் டிவிட் அவளுடைய பொய்களைக் கலைக்கிறார். மார்கோவின் பணியாளான பேர்டி மட்டும் தொடக்கத்திலேயே ஐயப்படுகிறாள். வேலைக்காரியின் சொல் என்பதால் அது எடுபடவில்லை. எங்கள் தீவில் யாருடைய குடும்பம் எது என்பது பொதுவாகத் தெரிந்திருக்கும் என்றாலும், முன்பு எந்தக் குழுவில் இருந்தார், ஏன் விலகினார் என்பதை அந்தக் குழுவையே கேட்டுத் தெரிந்துகொள்வதை வழக்கமாக்கியிருக்கிறோம். எல்லோரிடமும் ஒரே மாதிரியாகச் செய்வதால் அது எவரையும் புண்படுத்துவதில்லை. கூடவே, திரை இழுப்பவர், உடை தைப்பவர், தேநீர் கொண்டுவருபவர் ஆகியோரின் சொல்லுக்கும் காது கொடுக்கிறோம். மேடையில் நிற்பவர் காணாததை அவர்கள் காண்கிறார்கள்.

ஆண்களின் பேராசையைக் கதைகள் வேறு விதமாக நடத்துகின்றன. பட் ஷூல்பர்க் 1941இல் வெளியிட்ட ‘வாட் மேக்ஸ் சாமி ரன்?’ என்ற நாவலின் நாயகன் சாமி கிளிக், செய்தித்தாள் அலுவலகத்தில் எடுபிடிச் சிறுவனாகத் தொடங்கி, இன்னொருவர் எழுதிய கதையைத் தன்னுடையதாக்கி, ஹாலிவுட்டின் உச்சிக்குப் போகிறான். அந்த நாவல் ஒரு கண்டனம். ஆனால் பல பத்தாண்டுகள் கழித்து, இளைஞர்கள் தன்னிடம் வந்து, சாமியை முன்மாதிரியாகக் கொள்கிறோம் என்று சொல்வதை ஷூல்பர்க் வருத்தத்தோடு பதிவு செய்தார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவன் ஓடும் வேகத்தை வாசகர் ரசிக்கிறார். அவனால் மிதிபட்டவர்களுக்குக் கதையில் போதிய நேரம் கிடைப்பதில்லை. அதே ஓட்டத்தை ஒரு பெண் ஓடினால் துரோகம் என்றும், ஆண் ஓடினால் துடிப்பு என்றும் படிக்கப்படுவதையும் எங்கள் குழுவின் பெண்கள் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொன்னது சரி. நாற்பது வயது நடிகைக்கு வேடம் எழுத மறுக்கும் ஒரு தொழில், இரண்டு பெண்களை ஒரே வேடத்துக்காக மோதவிட்டு, அந்த மோதலுக்குப் பெண்களின் குணத்தைக் காரணம் காட்டுகிறது.

பிறர் எழுத்தைத் தனதாக்கும் வேலை இங்கும் நடக்கிறது. ஓர் ஆசிரியர் எழுதிய நாடகத்தை, ஒலிபரப்பாகச் செய்ய உதவுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவர், தன் பெயரையும் சேர்த்து, அடுத்த முறை தன் பெயரை மட்டும் விட்டுவைத்த நிகழ்ச்சியை நான் அருகிலிருந்து அறிவேன். எழுதியவர் கையில் தேதியிட்ட ஒரு தாள்கூட இல்லை. நண்பரிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சப்பட்டார். இப்போது எங்கள் குழுவில் பிரதியின் முதல் பக்கத்திலேயே எழுதியவர், தழுவியவர், உச்சரிப்புத் திருத்தியவர், பாடல் எழுதியவர் என ஒவ்வொருவர் பெயரும் தேதியும் இருக்கும், அனைவரும் கையொப்பமிடுவார்கள், படைப்புரிமைக்கான ‘மாசா’ சங்கத்தில் பதிவு செய்ய விரும்புபவருக்குக் குழுவே துணைநிற்கும். அறிவிப்புத் தாளில் பெயர்கள் வரும் வரிசையை அச்சகத்துக்கு அனுப்பும் முன்பே ஒத்திகை மண்டபத்தில் ஒட்டிவைத்து, மூன்று நாள் அவகாசம் தருகிறோம். பரிசுப் பணம் கிடைத்தால் எப்படிப் பங்கிடுவது என்பதையும் பரிசு கிடைப்பதற்கு முன்பே எழுதிவிடுகிறோம். கிடைத்த பிறகு எழுதப்படும் எந்தப் பங்கீடும் ஒருவர் மனத்தையேனும் வருத்தும்.

தமிழ் நாடக வரலாற்றையே எடுத்துக்கொண்டால், போட்டி என்பது தனிமனிதரின் குணத்தில் தொடங்குவதில்லை என்பது இன்னும் தெளிவாகும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே எல்லா வேடங்களையும் ஏற்றார்கள். பின்னாளில் புகழ்பெற்ற நாடகக் கலைஞர்களான டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கேதான் வளர்ந்தார்கள். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), கள்ளபார்ட் (கள்வன்), பபூன் (கோமாளி) என்று வேடங்கள் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. நேற்றுவரை ஸ்திரீபார்ட்டில் பாடிக் கொட்டகையைக் கட்டிப்போட்ட ஒரு பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால், அவனுடைய இடத்துக்கு வேறொரு பையன் வந்துவிடுவான். வீட்டைவிட்டு வந்து கம்பெனியே வீடாகிப்போன ஒரு பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்தவன் குரலைக் கேட்டு அவன் உள்ளம் எரிந்திருந்தால், அந்த நெருப்பை மூட்டியது அவன் குணமா, கம்பெனியின் அமைப்பா?

2014இல் வசந்தபாலன் இயக்கிய ‘காவியத் தலைவன்’ இந்த நாடகக் கம்பெனி உலகைக் களமாகக் கொண்டது. குருவின் தேர்வு தனக்குக் கிடைக்காமல் உடன்பயின்ற காளியப்பனுக்குப் போனதில் மூளும் கோமதிநாயகத்தின் பொறாமை, நட்பையே அழிக்கும் அளவுக்கு வளர்கிறது. எனக்கு அந்தப் படத்தில் நெஞ்சைத் தொட்ட இடம் அந்தத் தேர்வுக் காட்சிதான். பல ஆண்டுகள் காத்திருந்த மூத்தவன், அனைவர் முன்னிலையிலும் தோற்கிறான். அந்தத் தோல்விக்குப் பிறகு அவனுக்கென்று வேறு என்ன வழி இருந்தது என்பதைக் கதை கொஞ்சம் நின்று கேட்டிருந்தால் இன்னும் ஆழமாகியிருக்கும் என்பது என் எண்ணம். குழு நடத்துபவர்களுக்கு அங்கே நேரடியான பாடம் உண்டு. வேடம் மறுக்கப்பட்டவரிடம் அன்றே தனியாகப் பேசி, எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது, அடுத்த நாடகத்தில் எதை நோக்கி உழைக்கலாம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். “உனக்கும் நேரம் வரும்” என்ற பொதுவான ஆறுதல் போதாது. அப்படிப்பட்ட ஆறுதலை நம்பி ஏமாந்தவர்களிடம்தான் நான் அதிகக் கசப்பைக் கண்டிருக்கிறேன்.

இந்த விஷயத்தில் தமிழில் எனக்கு மிகவும் உண்மையாகப்பட்ட நூல் அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’. ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் எழுதிய நாவல் அது. அதில் பெரிய வில்லன் இல்லை. கதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. படம் எடுக்கும் முதலாளி சரியும்போது அவரை நம்பியிருந்த தயாரிப்பு நிர்வாகியும் கீழ்நிலை ஊழியர்களும் எங்கெங்கோ சிதறிப்போகிறார்கள். யார் யாரை மிதித்தார்கள் என்று கணக்குப் போட முடியாதபடி எல்லோரும் நெருக்கடியில் இருக்கிறார்கள். காட்சித் தொழிலின் கொடுமையை எழுத விரும்பும் இளைஞர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

நாங்களே ஒரு பாய்ஸ் கம்பெனியைக் களமாகக் கொண்டு, குரல் உடைந்த ஒரு ஸ்திரீபார்ட் நடிகன் தன் இடத்தைத் தக்கவைக்கச் சூழ்ச்சி செய்யும் நாடகம் ஒன்றை எழுதி மேடையேற்றினோம். ஒத்திகையின்போது நடந்த விவாதங்களில் நாங்கள் கண்டடைந்தவற்றை எழுத்தாளர்கள் தங்கள் கதைகளில் சோதித்துப் பார்க்கலாம். முதலில், பேராசை கொண்டவரின் திறமையை மேடையில் மெய்ப்பிக்க வேண்டும். அவர் உண்மையிலேயே சிறந்தவராக இருந்தால்தான் அவையினரின் மனம் இரண்டுபடும். திறமையற்றவரின் சூழ்ச்சி வெறும் மோசடி, அதைக் கண்டிப்பது எளிது. நாங்கள் அந்தப் பையனுக்கு நாடகத்தின் மிகச் சிறந்த பாடலைக் கொடுத்தோம். குரல் உடையும் இடம் அந்தப் பாடலின் நடுவிலேயே வந்தது. அதற்குப் பிறகு அவன் செய்த ஒவ்வொரு தீமையையும் அவையினர் அந்தக் குரலை நினைத்துக்கொண்டே பார்த்தார்கள்.

சிறுவயதுத் துயரம் ஒன்றைச் சொல்லி எல்லாவற்றையும் விளக்கிவிடும் வழக்கத்தையும் நாங்கள் தவிர்த்தோம். வறுமையில் வளர்ந்தவர் அனைவரும் பிறரை மிதித்து ஏறுவதில்லை. எங்கள் குழுவினரின் முன்னோர் அனைவரும் கரும்புத் தோட்டத்து வறுமையிலிருந்து வந்தவர்கள்தாம். காரணத்தை விடச் செயலின் படிப்படியான வளர்ச்சியே கதைக்கு உயிர் தருகிறது. முதலில் ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது, பிறகு ஒரு பொய்யை மறுக்காமல் விடுவது, அதன் பிறகே பொய் சொல்வது. எங்கள் நாடகத்தில் பையன் தானாகச் செய்யும் முதல் தீமை இரண்டாம் பகுதியில்தான் வருகிறது. அதற்கு முன்பு நடப்பவை அனைத்தும் மற்றவர்கள் அவனுக்காகச் செய்தவை, அல்லது அவனைத் தடுக்காமல் விட்டவை. வாத்தியார் வேடத்தில் நடித்தவர், “நான்தான் குற்றவாளி என்று இப்போதுதான் தெரிகிறது” என்று ஒத்திகையின் நடுவே சொன்னபோது, பிரதி சரியான திசையில் போகிறது என்று எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

முடிவைப் பற்றித்தான் மிக அதிகமாக வாதாடினோம். அவனைத் தண்டிக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்துக்கு மூலமாக அமைந்தது மேரி ஆர் 1946இல் காஸ்மபாலிடன் இதழில் எழுதிய சிறுகதை. அதில் ஈவுக்குத் தண்டனையே இல்லை. படத்தில் அவள் விருதைப் பெறுகிறாள். ஆனால் அடிசனின் பிடிக்குள் சிக்கிக்கொள்கிறாள், அவளுடைய அறைக்குள்ளேயே அடுத்த இளம்பெண் நுழைந்துவிடுகிறாள். நான் படத்தின் முடிவையே மேலானதாகக் கருதுகிறேன். ஒருவர் தண்டிக்கப்பட்டதும் அவையினர் நிம்மதியோடு எழுந்து போய்விடுகிறார்கள், அமைப்பு அப்படியே நிற்கிறது. எங்கள் நாடகத்தின் முடிவில் அந்தப் பையன் கம்பெனியின் வாத்தியாராகிறான். புதிதாக வந்த சிறுவர்களை வரிசையில் நிறுத்தி, அவர்களில் ஒருவனை மட்டும் பாடச் சொல்கிறான்.

நாடகம் முடிந்ததும் அவையில் இருந்த அந்தக் கண்ணகி வேடத்துப் பெண்ணும் ஒப்பனை அறைக்கு வந்தாள். இன்று அவள் நல்ல நடிகை, தானே ஒரு குழுவை நடத்துகிறாள். அக்காவோடு அவள் பேசியதை நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் சில வாரங்களுக்குப் பிறகு அவளுடைய குழுவினருக்கும் உச்சரிப்புப் பயிற்சி தர அக்கா போகத் தொடங்கினார். மாற்று நடிகர், கையொப்பம், பெயர் வரிசை ஆகிய எங்கள் நடைமுறைத் தாளை அவர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒரு விதியை மட்டும் அவர்கள் ஏற்கவில்லை. முதன்மை வேடத்தை ஒரே நடிகர் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஏற்கக் கூடாது என்று நாங்கள் வைத்திருக்கிறோம். சிறந்தவரைக் கொண்டு நடத்துவதே அவையினருக்குச் செய்யும் நியாயம் என்கிறார்கள் அவர்கள். எங்கள் குழுவிலும் பாதிப் பேர் இப்போது அப்படித்தான் எண்ணுகிறார்கள். அடுத்த நாடக விழாவுக்கு வேடங்களை அறிவிக்கும் முன் இதை முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு இரு குழுவினரையும் அழைத்திருக்கிறோம்.